கப்பலேறிய பஞ்சம்: 1640-களின் பழவேற்காடு

1647 சனவரியில் மதராசபட்டினத்துக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் எழுதிய கடிதம் ஒன்று, அப்போது நடந்துகொண்டிருந்த பஞ்சத்தில் பழவேற்காட்டில் மட்டும் 15,000 பேர் மாண்டதாகச் சொல்கிறது. சாந்தோமிலும் ஏறக்குறைய அதே தொகை. தலையெண்ணிச் சொன்ன கணக்காக அது இருக்க முடியாது. எண்ணுவதற்கு அங்கே யாருக்கும் அவசியமும் இல்லை. ஆனால் எழுதியவர்கள் வணிகர்கள். இரக்கத்தில் மிகைப்படுத்துகிற பழக்கம் உள்ளவர்கள் அல்லர். நெய்கிறவரும் வெளுக்கிறவரும் செத்துப்போனால் அடுத்த கப்பலுக்குத் துணி எங்கிருந்து வரும் என்பதுதான் அவர்களுடைய கவலை. அந்தக் கவலையின் ஓரத்தில்தான் பழவேற்காட்டின் சாவு பதிவாகியிருக்கிறது.

இன்று திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வட்டத்தில், ஏரிக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் இது. மேற்கே போனால் கும்மிடிப்பூண்டியின் சிப்காட் உருக்காலைகள். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பறவை பார்க்க வருகிறார்கள், மீன் சாப்பிடுகிறார்கள், ஒல்லாந்தர் கல்லறைத் தோட்ட வாயிலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கற்களுக்கு அடியில் கிடப்பவர்கள் உயிரோடிருந்த காலத்தில், மலுக்குத் தீவுகளின் கிராம்பும் சப்பானின் வெள்ளியும் இந்த ஊரின் தறிச் சத்தத்தோடு கட்டுண்டு கிடந்தன.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி உலகெங்கும் அரசுகள் ஆட்டம் கண்ட காலம். 1640-இல் போர்த்துகல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்தது. 1642-இல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1649-இல் அங்கே அரசனின் தலையை வெட்டினார்கள். 1644-இல் பீக்கிங் மஞ்சுக்களின் கைக்குப் போனது. 1648-இல் ஒட்டோமான் சுல்தான் இப்ராகிம் பதவியிழந்து கொல்லப்பட்டார். முப்பதாண்டுப் போர் அதே ஆண்டில்தான் முடிந்தது. இதையெல்லாம் ஒரே நெருக்கடியாகப் பார்க்கலாமா என்ற கேள்வியை 1954-இல் வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம் எழுப்பினார். 2013-இல் வெளிவந்த பெரும் நூலில் ஜெஃப்ரி பார்க்கர் அதைத் தட்பவெப்பத்தோடு இணைத்தார்: பூமி குளிர்ந்தது, மழை தவறியது, விளைச்சல் பொய்த்தது, அரசுகளோ அந்த நேரம் பார்த்துப் போரையும் வரியையும் கூட்டின என்பது அவர் வாதத்தின் சாரம்.

இந்த விவாதத்தில் சோழமண்டலக் கரை எப்போதும் ஓர் அடிக்குறிப்பாகவே வருகிறது. அதைச் சற்று நடுவே இழுத்து வைத்துப் பார்த்தால் படம் மாறுகிறது என்பது என் எண்ணம். பழவேற்காட்டில் வானத்தைவிட வாள் முந்தியது. அந்த நெருக்கடி மனிதர்களைப் புதிதாகத் தரம் பிரித்தது: தன் விருப்பப்படி இடம்பெயரக்கூடியவர், பிறரால் பெயர்த்து எடுத்துச் செல்லப்படுகிறவர் என்று.

ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610-இல் இங்கே காலூன்றியது. சந்திரகிரியிலிருந்து ஆண்ட வேங்கடபதி தேவராயரின் அனுமதியோடு நடந்த ஏற்பாடு அது. 1612-இல் சாந்தோம் போர்த்துகீசியர் வந்து பண்டகசாலையை அழித்தார்கள். மறு ஆண்டே கோட்டை எழுந்தது. கம்பெனி அதிகாரி வெம்மர் வான் பெர்ஹெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்குக் கெல்டிரியா என்று பெயரிட்டார். ஏரிமுகம் ஆழமில்லாதது. கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரமிட, சரக்கு படகுகளில் போய்வந்தது. குடிதண்ணீருக்கும் திண்டாட்டம். 1652-இல் இந்த வழியாகப் போன பிரெஞ்சு வைர வணிகர் தவேர்னியே, கடல் உள்வாங்கிய நேரத்தில் ஊர்க்காரர்கள் மணலில் குழி தோண்டி நல்ல தண்ணீர் எடுத்ததைக் குறித்து வைத்திருக்கிறார். துறைமுகத்துக்கு ஏற்ற இடம் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

ஆனாலும் வந்தார்கள். காரணம் துணி. மலுக்குத் தீவுகளில் கிராம்பும் பண்டாத் தீவுகளில் சாதிக்காயும் விளைந்தன; ஆனால் அங்கே இருந்தவர்கள் ஐரோப்பியரின் காசை மதிக்கவில்லை, சோழமண்டலத்துத் துணியைக் கேட்டார்கள். சாயவேரில் சிவப்பேற்றிய துணி, கட்டம் போட்ட துணி, கையால் வண்ணம் எழுதிய துணி. தமிழ்க் கரையில்லாமல் வாசனைப் பொருள் வணிகம் ஊனமாகிவிடும் என்பதை ஒல்லாந்தர் முதல் சில ஆண்டுகளிலேயே புரிந்துகொண்டார்கள். இன்றும் மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியைக் ‘கைன் பெலக்காட்’ என்கிறார்கள். அந்தப் பெலக்காட் நம் பழவேற்காடுதான்.

துணி வாங்கப் பொன் வேண்டும். இங்கே வராகன்தான் செல்லுபடி. கோட்டைக்குள்ளேயே கம்பெனிக்கு நாணயச்சாலை இருந்தது. அந்தப் பொன்னில் ஒரு பகுதி சீனத்திலிருந்து வந்தது. தைவானில் கம்பெனி வைத்திருந்த கோட்டை வழியாக. அதை வாங்கச் சப்பானிய வெள்ளி பயன்பட்டது. 1639-இல் சப்பான் போர்த்துகீசியரைத் துரத்தியது. 1641 முதல் நாகசாகித் துறையில் தெஷிமா என்ற செயற்கைத் திட்டில், ஐரோப்பியரில் ஒல்லாந்தரை மட்டும் அடைத்து வைத்து வணிகம் செய்தது. ஆக, இயேசு மதத்தைப் பற்றி எடோவில் உட்கார்ந்து சப்பானிய ஆட்சியாளரான ஷோகன் எடுத்த முடிவு, ஆரணியாற்றங்கரையில் ஒரு நெசவாளிக்குக் கிடைக்கும் முன்பணத்தைத் தொட்டது. இதற்குச் சற்று முன்னால், 1630–32 பஞ்சத்தில் குசராத்தின் நெசவூர்கள் நாசமாகியிருந்தன. கம்பெனிகள் அந்தத் தேவையையும் இந்தக் கரையின் மேல் ஏற்றின. பழவேற்காட்டின் வாழ்வு அடுத்தவர் தாழ்வில் ஏறியது; அப்படி ஏறியது அது ஒரு முறைதான் என்றும் சொல்வதற்கில்லை.

இந்த வணிகத்தில் ஒல்லாந்தர் நேராக நெசவாளியிடம் போகவில்லை. மொழி தெரியாது, ஊர் தெரியாது, முன்பணம் வாங்கியவன் ஓடிப்போனால் பிடிக்கவும் வழி தெரியாது. நடுவில் பெருவணிகர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் அச்சுதப்பச் செட்டி. ஒல்லாந்தருக்கு மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி, அவர்களுக்குத் துணி தருகிற தலைமை வணிகராக உயர்ந்தார். 1634-இல் அவர் இறந்ததும் தம்பி சின்னண்ணச் செட்டி அந்த இடத்துக்கு வந்தார். ஐரோப்பிய ஆவணங்கள் இந்தக் குடும்பத்தாரை ‘மலையா’ என்கின்றன. சின்னண்ணர் துணி விற்றார், சொந்தக் கப்பல்களைக் கீழைக் கடலுக்கு விட்டார், நிலவரிக் குத்தகை எடுத்தார், கடைசியில் படையும் நடத்தினார். வரலாற்றாசிரியர் சஞ்சய் சுப்ரமணியம் இப்படிப்பட்டவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்: ஒரு கால் சந்தையில், ஒரு கால் அரண்மனையில். வணிகன் என்றால் தராசு, அரசன் என்றால் வாள் என்று நாம் பாடநூலில் பிரித்து வைத்த கோட்டை இவர்கள் ஒரு நாளும் மதித்ததில்லை.

1642-இல் சந்திரகிரி அரசர் மூன்றாம் வேங்கடர் இறந்தார். சகோதரர் மகன் ஸ்ரீரங்கர் பட்டத்துக்கு வந்தார். விசயநகரத்தின் பெயரைத் தாங்கிய கடைசி அரசர் அவர். வாரிசாக வந்த நாடு ஏற்கெனவே கிழிந்த துணி. செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்கள் கப்பம் கட்ட மறுத்தார்கள். வடக்கே கோல்கொண்டாவும் மேற்கே பீசப்பூரும் காத்திருந்தன. இந்தக் கரையை நிர்வகித்த தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர் கோல்கொண்டாவோடு உறவாடுகிறார் என்று ஸ்ரீரங்கர் அவரைப் பிடித்து அடைத்தார். அவருடைய நிலப்பகுதி சின்னண்ணச் செட்டியின் பொறுப்பில் விடப்பட்டது. ஒல்லாந்தரின் தலைமை வணிகர் ஒல்லாந்தரின் கோட்டையைச் சுற்றியிருந்த நாட்டுக்கு அதிகாரியானார். பிறகு அரசருக்கும் ஒல்லாந்தருக்கும் உறவு முறிந்தபோது, அவர்களுக்கு எதிராகவே அவர் படை நகர்த்த வேண்டிவந்தது. அப்படியும் அவர் கணக்கு முற்றாக முடியவில்லை. ஒல்லாந்தருக்கு அவர் வேண்டும், அவருக்கு ஒல்லாந்தர் வேண்டும்.

இந்தத் தாமர்ல வேங்கடாத்திரிதான் 1639 ஆகஸ்டில் ஆங்கிலேய வணிகர் பிரான்சிஸ் டேவுக்கு மதராசபட்டினத்துக் கடற்கரையைக் கொடுத்தவர். அதற்குள்ளும் பழவேற்காடு இருக்கிறது. 1621-இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரோடு பங்கு போட்டு இங்கே இருந்து பார்த்தார்கள். இரண்டு ஆண்டு தாங்கவில்லை. வடக்கே துர்காராயப்பட்டினத்துக்குப் போனார்கள். அங்கே துணி சரியில்லை. பழவேற்காட்டு ஒல்லாந்தருக்கும் சாந்தோம் போர்த்துகீசியருக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்தால் தன் கரையில் சண்டை குறையும் என்று பூவிருந்தவல்லியில் இருந்த வேங்கடாத்திரியின் சகோதரர் தாமர்ல அய்யப்ப நாயக்கர் நினைத்தார். சென்னையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு வரி எழுதும் உரிமை பழவேற்காட்டுக்கு உண்டு. சென்னை தினம் கொண்டாடுகிறவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை.

1645 இறுதிக்குள் போர் வேலூரை நெருங்கியது. நாயக்கர்கள் ஸ்ரீரங்கரோடு மோதினார்கள். வடக்கிலிருந்து கோல்கொண்டாப் படை இறங்கியது. அதை நடத்தியவர் மீர் ஜும்லா: ஈரானின் அர்திஸ்தானிலிருந்து வந்து, வைரத்தில் பொருள் சேர்த்து, சொந்தக் கப்பல்களும் சொந்தப் பீரங்கிகளும் வைத்திருந்தவர். சின்னண்ணச் செட்டியின் அதே அச்சு, அளவு மட்டும் பெரிது. 1646-இல் அவர் படை இந்தக் கரையைத் துடைத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஆண்டுக்குள் பழவேற்காடும் மதராசபட்டினமும் சாந்தோமைச் சுற்றிய நாடும் கோல்கொண்டாவின் கீழ் வந்துவிட்டன. ஸ்ரீரங்கர் நாடிழந்து மைசூர்ப் பக்கம் அடைக்கலம் தேடினார்.

மழை பொய்த்தது இதற்கு நடுவில். 1646-இன் பருவம் தவறியது உண்மை. ஆனால் ஏரிப் பாசன நாட்டில் ஒரு மழை தவறினால் உடனே ஊர் சாகாது. நெல் வேறெங்காவது இருக்கும், கடலோரமாகவோ வண்டிப் பாதையிலோ வந்துசேரும். படை போகிற பாதையில் வண்டி வராது. மாட்டைப் படை எடுத்துக்கொள்ளும். விதைநெல்லையும் அதுவே தின்னும். ஏரிக்கரை உடைந்தால் அடைக்க ஆள் இருக்காது. வானம் பார்த்து விதைக்கிறவனுக்கு மழை தவறுவது புதிதல்ல. தவறிய ஆண்டில் கைகொடுக்கும் ஏற்பாடுகள் அத்தனையும் ஒன்றாக அறுந்ததுதான் புதிது.

இதற்குச் சான்று கம்பெனியின் வேறொரு கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கின் சரக்கு மனிதர்கள்.

ஒல்லாந்தர் சோழமண்டலத்தில் அடிமைகளை வாங்கியது தொடர்ந்து ஒரே சீராக நடக்கவில்லை, அலையலையாக நடந்தது. 1618-இல் தொடங்கிய பஞ்சத்தில் ஓர் அலை. பிறகு 1645-இல் ஒன்று: ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 2,100-க்கும் அதிகமானோர், பெரும்பகுதி தெற்குக் கரையில் வாங்கப்பட்டவர்கள். ஆண்டைக் கவனிக்க வேண்டும். நாயக்கர்களின் கிளர்ச்சியால் ஊர்கள் சூறையாடப்பட்டபோதே மனிதர்கள் விலைக்கு வந்துவிட்டார்கள். பெரும்பஞ்சம் அதன் பின்னால் வந்தது. 1659–61-இல் பீசப்பூர்ப் படை தஞ்சை நாட்டைச் சிதைத்தபோது இன்னொரு அலை. அந்த முறை 8,000 முதல் 10,000 பேர் யாழ்ப்பாணம், கொழும்பு, பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா), மலாக்கா எனப் பல துறைகளுக்குப் போனார்கள். 1621-க்கும் 1665-க்கும் இடையே இந்தக் கரையிலிருந்து ஒல்லாந்தர் ஆளேற்றி அனுப்பிய கப்பல் பயணங்கள் 131. ஏற்றப்பட்டவர்கள் 20,000-க்கும் கூடுதல். இந்த வணிகத்தின் ஆட்சியிடம் பழவேற்காடு.

யாரை விற்றார்கள், யார் விற்றார்கள் என்பது சங்கடமான கேள்வி. பஞ்சத்தில் பெற்றோர் பிள்ளைகளை விற்றார்கள். தன்னையே விற்றவர்களும் உண்டு. நிலத்தோடு கட்டுண்ட அடிமைச் சாதிகளை உடையவர்கள் விற்றார்கள். படைகள் பிடித்துவந்தவர்களைத் தரகர்கள் கைமாற்றினார்கள். ஒல்லாந்தர் புதிதாக ஒரு கொடுமையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததாகச் சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. இங்கே ஏற்கெனவே ஆளை ஆள் உடைமையாகக் கொள்ளும் வழக்கம் இருந்தது. அவர்கள் சேர்த்தது கப்பல். ஊரில் அடிமையாக இருந்தவனுக்கு ஊராவது இருந்தது, குலதெய்வம் இருந்தது, சாவுக்குப் பறையடிக்க ஆள் இருந்தார்கள். கப்பலேறியவனுக்கு அவை போயின. பெயரும் போனது.

பண்டாவின் கதையை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். 1621-இல் ஒல்லாந்துக் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சூன் கூன் பண்டாத் தீவுகளைப் பிடித்தபோது அங்கிருந்த மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் இறந்தார்கள் அல்லது நாடுகடத்தப்பட்டார்கள். சாதிக்காய்த் தோட்டங்கள் ஆளின்றி நின்றன. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கொண்டுபோனவர்களில் சோழமண்டலத்தாரும் உண்டு. முதலில் துணி போன தீவுக்கு அடுத்ததாக ஆளே போனார்கள். ஸ்பெயினின் பிடியிலிருந்து விடுபட எண்பது ஆண்டு போராடி, 1648-இல் மூன்ஸ்டர் உடன்படிக்கையில் தன் விடுதலைக்கு ஏற்பு வாங்கிய குடியரசின் கம்பெனி செய்த வேலை இது.

பெயர் போனவர்களில் ஒருவருடைய வாழ்க்கை மட்டும் ஓரளவு முழுமையாகக் கிடைக்கிறது. காரணம், அவர் நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. ஆவணங்களில் அவர் காத்ரெய்ன் வான் பாலியாகட்டா, அதாவது பழவேற்காட்டுக் காத்ரெய்ன். 1631 அளவில் பிறந்தவர். பத்தாவியாவில் அடிமையாக இருந்தார். 1656-இல் அவருடைய துணைவன், மலபாரிலிருந்து வந்த கிளாஸ் என்ற இன்னொரு அடிமை, அவரை அடித்தான். அவர் திருப்பித் தாக்கியதில் அவன் இறந்துபோனான். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது; பிறகு அது ஆயுள் முழுக்க நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657-இல் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு, நன்னம்பிக்கை முனைக்கு அவரை அனுப்பினார்கள். யான் வான் ரீபேக் அங்கே கம்பெனியின் குடியிருப்பைத் தொடங்கி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. கேப் குடியிருப்புக்கு நாடுகடத்தப்பட்ட முதல் பெண் குற்றவாளி என்று அங்குள்ள ஆய்வாளர்கள் இவரைக் குறிப்பிடுகிறார்கள். தளபதியின் வீட்டில் துணி துவைத்தார். ‘பெரிய காத்ரெய்ன்’ என்று அழைத்தார்கள்.

ஒரு செருமானியப் படைவீரன், ஹான்ஸ் கிறிஸ்டோஃபெல் ஸ்னெய்மன், காவல் பணியை விட்டு இவரிடம் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டான். அவர்களுக்கு 1669-இல் மகன் பிறந்தான். கிறிஸ்டோஃபெல் என்று பெயர். பின்னர் அவர் விடுதலை பெற்று, 1671-இல் வங்கத்திலிருந்து வந்த விடுதலை பெற்ற அந்தோணி யான்ஸை மணந்தார். மகன் வளர்ந்து, மதக் கொடுமைக்குத் தப்பி வந்த யூகெனோ (பிரெஞ்சுப் புராட்டஸ்தாந்து) குடும்பத்துப் பெண்ணைக் கட்டினான். தென்னாப்பிரிக்காவில் ஸ்னைமன் என்ற குடும்பப் பெயர் உள்ள வெள்ளைக்காரர்கள் இன்று ஏராளம். நிறவெறி ஆட்சியில் மற்றவர்களின் தோலை அளந்து பார்த்த அந்தச் சமூகத்தின் ஒரு வேர் பழவேற்காட்டு மண்ணில் இருக்கிறது. முப்பதாண்டுப் போரில் நொறுங்கிய செருமனி, பதினான்காம் லூயியின் பிரான்சு, ஸ்ரீரங்கரின் சோழமண்டலம் மூன்றும் ஒரு வீட்டு அடுப்படியில் சந்தித்திருக்கின்றன. பார்க்கர் எழுதிய உலக நெருக்கடியை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

பத்தாவியாவில் விடுதலை பெற்றவர்கள் வேறொரு சமூகமானார்கள். மார்தைக்கர் என்று பெயர். கிறித்தவர்கள், போர்த்துகீசியம் பேசினார்கள், தொப்பி வைத்தார்கள். 1661-இல் அவர்களில் சில குடும்பங்களை நகரத்துக்கு வெளியே தூகு என்ற இடத்தில் குடியமர்த்தினார்கள். வடக்கு ஜகார்த்தாவில் அந்த ஊர் இன்னும் இருக்கிறது. அவர்களுடைய கிட்டார் இசை இந்தோனேசியா முழுக்கப் பெயர் பெற்றது. வங்கமும் சோழமண்டலமும் அந்த மக்களின் மூதாதையர் நாடுகள்.

கோட்டை மதிலுக்குள் வேறு வகையான போக்குவரத்தும் நடந்தது. ஆபிரகாம் ரோகேரியஸ் என்ற பாதிரியார் 1632 முதல் பத்தாண்டு பழவேற்காட்டில் இருந்தார். ஒல்லாந்தரிடம் அடைக்கலம் புகுந்திருந்த பத்மநாபன் என்ற பிராமணர் அவரிடம் பேசினார். இருவருக்கும் பொதுமொழி போர்த்துகீசியம். விரதம், திருமணம், உடன்கட்டை, சாதி ஒழுங்கு என்று பத்மநாபன் சொன்னதெல்லாம் ஒரு நூலாயிற்று. ரோகேரியஸ் 1649-இல் இறந்தபின் 1651-இல் லெய்டனில் அது வெளிவந்தது. பர்த்ருஹரியின் சதகங்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதலில் தோன்றியது அதில்தான். நல்ல நூல். ஐரோப்பா இந்து சமயத்தைப் பல காலம் அந்த ஒரு பிராமணரின் கண் வழியாகவே பார்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோட்டைக்கு வெளியே துணி வெளுத்தவரிடம் ரோகேரியஸ் இதே கேள்விகளைக் கேட்டிருந்தால் லெய்டனில் வேறொரு சமயம் அச்சாகியிருக்கும்.

கப்பலேறாத மக்கள் நடந்தார்கள். தெற்கே, கடலோரமாக 40 கிலோமீட்டருக்குள், ஆங்கிலேயர் புதுக் கோட்டையைக் கட்டிக்கொண்டு குடியேற ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். முப்பது ஆண்டுக்குச் சுங்கம் இல்லை என்று சொல்லி அழைத்தார்கள். ஓரிரு ஆண்டுகளிலேயே 300, 400 நெசவாளர் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. கைத்தறிக்காரனின் முதல் அவன் கையில் இருக்கிறது. தறியைப் பிரித்துத் தோளில் தூக்கிக்கொண்டு போனால் மறு ஊரில் கட்டிவிடலாம். உழுகிறவனுக்கு அப்படி முடியாது. நெருக்கடி நெசவாளிக்குத் துன்பத்தோடு ஒரு துருப்புச் சீட்டையும் கொடுத்தது: பிடிக்காவிட்டால் போய்விடுவேன். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் நாட்டு அதிகாரிகளும் அந்தச் சீட்டுக்கு அஞ்சினார்கள். அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயக் கம்பெனி இந்தக் கரையில் போட்டியாளர் இல்லாத அரசாக ஆனதும் அது பிடுங்கப்பட்டது தனிக் கதை.

புதுப் பட்டினத்துக்கு வந்தவர்கள் தங்கள் பூசலையும் கொண்டுவந்தார்கள். 1652-இல் மதராசபட்டினத்தில் வலங்கை, இடங்கைச் சாதியார் தெருவில் மோதினார்கள். எந்தச் சாதியின் கல்யாண ஊர்வலம், சாவு ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பது சண்டை. ஆங்கிலேயர் தெருக்களைப் பிரித்துக் கொடுத்து ஒப்பந்தம் செய்தார்கள். இதை வெறும் பழைய வழக்கத்தின் எச்சம் என்று தள்ள நான் தயங்குகிறேன். பழைய ஊரில் கோயில் மரியாதையும் நாட்டாரும் முடிவு செய்த தகுதி, புதிய ஊரில் இன்னும் எழுதப்படாத தாள். யார் முதலில் எழுதுவது என்ற போட்டி அது. வந்தேறிகளின் பட்டினத்தில்தான் தெருவுக்கு இவ்வளவு விலை.

கும்மிடிப்பூண்டியை இன்று பார்க்கிறவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. உருக்காலை வாசலில் ஒடியாவும் இந்தியும் கேட்கும். பக்கத்திலேயே 1990 முதல் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. ஊர்க்காரர்களில் பலர் வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசுகிறவர்கள். அந்த இருமொழி வழக்கம் சந்திரகிரி அரசும் தாமர்ல நாயக்கர்களும் இருந்த காலத்தின் நேரடி வாரிசு. இடத்துக்கான சண்டையும் ஓயவில்லை: காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து நிற்கும் பழவேற்காட்டு மீனவர்கள், கடல் எங்களுடையது என்பதற்கு முன்னோர் வகுத்த பாடு முறையைச் சான்று காட்டுகிறார்கள். ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்ற பங்கீடு அது.

இங்கிலாந்தின் கலகமும் கொஞ்சம் தாமதமாக இந்தக் கரைக்கு வந்தது. 1652–54 போரில் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பகையானபோது மதராசபட்டினத்துக் கோட்டை பழவேற்காட்டை நினைத்துப் பயந்துகொண்டே இருந்தது. 1665-இல் நடந்ததோ கூத்து. பதவியிழந்த முகவர் எட்வர்ட் வின்டர், தனக்குப் பதிலாக வந்த ஜார்ஜ் பாக்ஸ்கிராப்ட் அரசருக்கு விரோதமாகப் பேசினார் என்று குற்றம்சாட்டிப் பிடித்து அடைத்துவிட்டு, 1668 வரை தானே ஆண்டார். அரசன் தலை போன செய்தி பதினாறு ஆண்டு கழித்து, வேலை பறிபோன ஒருவரின் ஆயுதமாக வந்து சேர்ந்தது.

மீர் ஜும்லா நிற்கவில்லை. கோல்கொண்டாச் சுல்தானோடு பிணங்கி முகலாயரிடம் போனார். ஔரங்கசீப்பின் வாரிசுப் போரில் அவர் பக்கம் நின்றார். அசாம் படையெடுப்பிலிருந்து திரும்பும் வழியில் 1663-இல் இறந்தார். ஒல்லாந்தர் 1656-இல் கொழும்பையும் 1658-இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். 1662-இல் சாந்தோம் கோல்கொண்டாவிடம் விழுந்தது. அதே ஆண்டில் தைவானைச் சீனத் தளபதி கொக்சிங்கா ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார். சீனப் பொன் வந்த வழி அடைந்தது.

சின்னண்ணச் செட்டி 1659-இல் இறந்தார். அவருக்குப் பின் அவரளவுக்கு ஒருவரை ஒல்லாந்தர் வளரவிடவில்லை. கப்பலும் குத்தகையும் படையும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கோட்டை மதில் மேலிருந்து பார்த்தவர்கள் அவர்கள். 1660-களில் பழவேற்காட்டு வணிகர்களைக் கூட்டி, ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று முதல் போடச் சொல்லி, கூட்டுப் பங்கு அமைப்பாக்கினார்கள். ஒருவர் முன்பணத்தோடு ஓடினாலும் மற்றவர்கள் பொறுப்பு. செட்டிகளும் கோமுட்டிகளும் ஒல்லாந்தர் கணக்கில் பங்குதாரர்களானார்கள். அரண்மனைக் காலை எடுத்துவிட்டு இரண்டு காலையும் சந்தையில் ஊன்றச் சொன்ன ஏற்பாடு அது. 1680-இல் சென்னையில் கோட்டை ஆளுநர் ஸ்ட்ரென்ஷாம் மாஸ்டர் இதே முறையை ஆங்கிலேயர் பக்கத்தில் கொண்டுவந்தார். பத்தாண்டு கழித்து ஒல்லாந்தர் தங்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டு போனபோது, பழவேற்காட்டில் பங்கு போட்டிருந்த வணிகர்களில் போக வசதியுள்ளவர்கள் போனார்கள்.